பாட்டைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பவர்களுக்கு



இது நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் பிறகு படியுங்கள். படிக்காமலே கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். விடைத்தாளில் கேள்வியையே திருப்பி எழுதி வைத்தவர்களை முப்பத்து நான்கு வருஷம் பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்துவிடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "என் வாழ்க்கைக்கு அப்படியே பொருந்துற பாட்டு" என்று ஒன்று கிடையாது. இருப்பதாக நினைத்துக்கொண்டு தேடுவதும், கிடைத்ததும் அதை ஸ்டேட்டஸில் வைப்பதும், வாய்திறந்து சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பதற்கு நாம் கண்டுபிடித்திருக்கும் சுலபமான வழி. இதனால் நம் வீடுகளில் சிலருக்கு நிஜமான கெடுதல் நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். பாட்டு கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. பாட்டு இல்லாமல் நானும் இல்லை.

சமீபத்தில் பழைய மாணவர் குழு ஒன்றில் ஒருவர் கேள்வி போட்டார்: "இப்ப உங்க வாழ்க்கை எப்படிப் போகுது? ஒரே ஒரு பாட்டால் பதில் சொல்லுங்க." கல்யாணப் பத்திரிகை போட்டால்கூட நாலு பேர் பதில் சொல்லாத குழு அது. அன்று ராத்திரி வெகுநேரம் பாட்டாகக் கொட்டியது. சிரிப்புப் பாட்டு இரண்டு, சாமி பாட்டு மூன்று. மீதி எல்லாம் சோகம். ஏமாந்தவன் பாட்டு, தனியாய் நிற்பவன் பாட்டு, பெற்ற பிள்ளை கைவிட்ட பாட்டு, உலகமே பொய் என்கிற பாட்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே இதயம் இதயமாக. "செம மச்சி", "எனக்கும் இதேதான்", "உண்மை உண்மை".

ஒருவர்கூட இன்னொருவரைப் பார்த்து "என்னடா ஆச்சு?" என்று கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நான் மூன்று பேரைக் கூப்பிட்டேன். இருவர், "சும்மாதான் ஐயா, பாட்டு நல்லாருக்கேன்னு போட்டேன்" என்றார்கள். சந்தோஷம். மூன்றாமவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், பாட்டு என்பது எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

சினிமாவில் இயக்குநர் ஒரு சூழலைச் சொல்கிறார். கதாநாயகனுக்குத் தங்கை கல்யாணம் நின்றுவிட்டது, மழை பெய்கிறது, அவன் தெருவில் நடக்கிறான். இசையமைப்பாளர் மெட்டுப் போடுகிறார். பெரும்பாலும் மெட்டுத்தான் முதலில். கவிஞர் அந்தத் தத்தகாரத்துக்குள் சொல்லை உட்காரவைக்கிறார். 'தனனனா' என்று மெட்டு ஓடினால் அந்த அளவுக்கு ஒரு சொல்தான் நுழையும். அதற்கு மேல் உண்மை இருந்தாலும் நுழையாது. "என்னையே பார்த்து எழுதின மாதிரி இருக்கே" என்று நீங்கள் உருகும் சொல், ஓர் இடைவெளிக்கு அளவெடுத்துத் தைத்த சொல். ஒரே மெட்டில் சந்தோஷத்துக்கு ஒரு பாட்டும் சோகத்துக்கு ஒரு பாட்டும் வைக்கிற வழக்கம் நம் படங்களில் எத்தனை காலம் இருந்தது என்று உங்கள் அம்மா அப்பாவைக் கேளுங்கள். முதல் பாதியில் தோட்டத்தில் ஓடிப் பாடிய அதே மெட்டை, கடைசியில் கட்டிலில் படுத்துக்கொண்டு மெதுவாகப் பாடுவார்கள். மெட்டுக்குத் துக்கம் தெரியாது.

நீளத்தையும் பாருங்கள். அந்தக் கால 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம்தான் பிடிக்கும். பாட்டின் அளவை அந்தத் தட்டு தீர்மானித்தது. தட்டு போய், கேசட் வந்து, சிடி வந்து, இப்போது எதுவுமே இல்லாமல் காற்றிலேயே வருகிறது. பாட்டு இன்னும் நாலைந்து நிமிஷத்தில்தான் நிற்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸோ பல வருஷம் ஒரு வீடியோவுக்கு 30 விநாடிதான் இடம் கொடுத்தது. 24 மணி நேரத்தில் அதையும் அழித்துவிடும். பதினாறு வருஷக் குடும்ப வாழ்க்கையின் கஷ்டத்தை முப்பது விநாடியில், இன்னொருவர் வாயால், இன்னொருவர் கதைக்கு எழுதிய சொல்லில் சொல்லிவிட்டு, "யாருமே என்னைப் புரிஞ்சுக்கலை" என்றால் எப்படிப் புரியும்?

உங்களில் தமிழை மறக்காத சிலர் என்னை மடக்கப் பார்ப்பீர்கள். "ஐயா, நீங்கதானே வகுப்பில் சொன்னீங்க? அகப்பாட்டில் யார் பேரும் வராது, வரக்கூடாதுன்னு தொல்காப்பியர் விதியே இருக்கு, அதனாலதான் இரண்டாயிரம் வருஷம் கழிச்சும் யார் படிச்சாலும் அது அவங்க கதையாத் தெரியுதுன்னு சொன்னீங்களே?"

சொன்னேன். மறுக்கவில்லை. பெயர் இல்லாததால்தான் குறுந்தொகைத் தலைவிக்குள் யார் வேண்டுமானாலும் புகுந்து நிற்க முடிகிறது. ஆனால் அடுத்த வாரம் இன்னொன்றும் நடத்தினேனே, அது யாருக்காவது நினைவிருக்கிறதா? கூற்று. ஒவ்வொரு அகப்பாட்டின் அடியிலும் ஒரு குறிப்பு இருக்கும். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்தச் சமயத்தில் சொன்னது. தலைவி தோழிக்குச் சொன்னது. தோழி செவிலிக்குச் சொன்னது. தலைவன் பாகனுக்குச் சொன்னது. தலைவனும் தலைவியும் தங்கள் நெஞ்சிடமே பேசும் பாட்டுகள்கூட உண்டு. அங்கேயும் நெஞ்சைக் கூப்பிட்டுத்தான் பேசுவார்கள். கேட்கிற காது ஒன்று எப்போதும் உண்டு. பேர் சொல்லாத அந்தப் பாட்டுகள் எதுவும் ஊருக்குப் பொதுவாக எறியப்பட்டதில்லை.

இப்போது உங்கள் ஸ்டேட்டஸுக்குக் கூற்றுக் குறிப்பு எழுதுங்கள் பார்ப்போம். யார் சொன்னது: நான். யாரிடம்: ... அந்த இடத்தில் என்ன எழுதுவீர்கள்? அலைபேசியில் எண் இருக்கிற எல்லாரிடமும் என்றா? பால்காரர், பழைய மேலாளர், மகளின் டியூஷன் டீச்சர், எரிவாயு உருளை கொண்டுவருகிறவர்? எல்லாரிடமும் சொன்னால் யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் பொருள். தோழி இல்லாத தலைவி ஆகிவிட்டோம்.

இனி அந்த மூன்றாமவர். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். யார் என்று யாரும் துப்புத் துலக்க வேண்டாம்.

நாற்பதைத் தாண்டியவர். பல வருஷம் பார்த்த வேலை போய்விட்டது. வீட்டில் வேலை போனது தெரியும். மனைவியின் நகை முழுவதும் அடகில் இருப்பதும், வட்டி கட்டத் தவறிய மாதங்களும், நகை மூழ்கப்போகிற தேதியும் தெரியாது. அவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"மூணு மாசமா தினம் ஒரு பாட்டு வெச்சேன் ஐயா. நூத்தி எண்பது பேர் பார்ப்பாங்க. ஒருத்தர்கூட கேக்கலை."

"நீ ஏன்ப்பா யார்கிட்டயும் சொல்லலை?"

"அதான் பாட்டுல சொன்னேனே ஐயா."

இந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. சொல்லிவிட்டதாகவே நம்பியிருக்கிறார். தினம் ஒரு முறை சொல்லி, தினம் ஒரு முறை யாரும் கேட்காமல் போய், "உறவாவது நட்பாவது" என்கிற முடிவுக்கு வந்திருக்கிறார். அவர் வைத்த பாட்டுகள் அந்த முடிவைத்தான் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தன. அந்தத் தொண்ணூறு பாட்டில் எதிலாவது அடகுக்கடை இருந்ததா? கட்ட வேண்டிய தொகை இருந்ததா? 27-ஆம் தேதி இருந்ததா? உலகம் பொய் என்று இருந்தது. உலகம் பொய் என்று ஒருவன் பாடினால், "நல்ல பாட்டு" என்றுதான் யாரும் சொல்வார்கள். 27-ஆம் தேதிக்குள் வட்டி கட்ட வேண்டும் என்று சொன்னால்தான், "எவ்வளவு?" என்று கேட்பார்கள்.

அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர் அதே குழுவில் இருக்கிறார். லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். கணக்கு வழக்குப் பார்க்க நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை என்று நாலு மாதமாகப் புலம்புகிறவர். அவரும் அன்று ராத்திரி இந்தப் பாட்டுக்கு இதயம் போட்டவர்களில் ஒருவர்! ஒருவர் வேலை தேடுகிறார், ஒருவர் ஆள் தேடுகிறார், நடுவில் ஒரு பாட்டு மறைத்துக்கொண்டு நிற்கிறது. இப்போது பட்டறைக்குப் போகிறார். சம்பளம் முன்னைவிடக் குறைவுதான். நகைக்கு வட்டி கட்டி மாற்றி வைத்தாயிற்று. மனைவியிடமும் சொல்லியாயிற்று. அந்த அம்மாள் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் தோசை சுட்டுக்கொடுத்தாராம். இதற்கெல்லாம் தேவைப்பட்டது இரண்டு தொலைபேசி அழைப்பு.

அடுத்து, இளவட்டங்கள்.

டேய் தம்பிகளா, காதல் தோல்விப் பாட்டு கேட்பதைப் பற்றி நான் பேச வந்தால் "ஐயாவுக்கு வயசாயிடுச்சு" என்பீர்கள். ஆகிவிட்டதுதான். இருந்தாலும் கேளுங்கள். 2011 நவம்பரில் '3' படத்துக்காக ஒரு பாட்டு வந்து உலகம் பூராவும் ஓடியது. அதைச் செய்தவர்கள் விளையாட்டாகத்தான் செய்தார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதற்குப் பிறகு காதலில் தோற்றவனுக்கு 'சூப் பாய்' என்று ஒரு பதவியே உண்டாகிவிட்டது. பதவி வந்தால் அதற்கு ஒரு கீதமும் வேண்டுமே? வரிசையாக வந்தன. பெரும்பாலானவற்றின் சாரம் ஒன்றுதான்: நான் நல்லவன், அவள் ஏமாற்றினாள், பொண்ணுங்களே இப்படித்தான்.

உன் விஷயத்தில் நடந்தது என்ன? அவள் "வேண்டாம்" என்றாள். அல்லது முதலில் சரி என்றவள், பழகிப் பார்த்துவிட்டு ஒத்துவராது என்றாள். அல்லது வீட்டில் அடி வாங்கி, வேறு வழியில்லாமல் தலையை நீட்டினாள். 'வேண்டாம்' என்பது மறுப்பு. 'ஏமாற்றினாள்' என்பது குற்றச்சாட்டு. ஒன்பதாம் வகுப்புத் தமிழ் போதும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய. நீ பாட்டில் உன் வாழ்க்கையைப் பார்ப்பதாக நினைக்கிறாய். பாட்டு உன் வாழ்க்கையைத் திருத்தி எழுதிக் கையில் கொடுத்திருக்கிறது. நடந்ததை ஒரு தாளில் நீயே உன் கையால் எழுதிப் பார். முதல் நாள், கடைசி நாள், அவள் சொன்ன சொல், நீ சொன்ன சொல். அந்தத் தாளில் துரோகி யாரும் இருக்கமாட்டார்கள். வருத்தம் இருக்கும். வருத்தம் ஆறும். துரோகம் ஆறாது, வஞ்சம் தீர்க்கச் சொல்லும்.

அரிவாளோடும் அமிலத்தோடும் போன பையன்களைப் பற்றி நாம் எல்லாரும் நாளிதழில் படித்திருக்கிறோம். பாட்டு கேட்டதால் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. கோடிப் பேர் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். ஆனால் "அவள் ஏமாற்றினாள்" என்பதையே தினம் ஐம்பது தடவை காதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு, "அவளுக்கு விருப்பமில்லை" என்ற சின்ன வாக்கியம் எப்படிக் கிடைக்கும்? நான் கேட்பது அதுதான். இன்னொன்றும் கவனியுங்கள். வேண்டாம் என்று சொன்ன பெண்ணுக்கு, தன் காரணத்தைச் சொல்ல எத்தனை பாட்டு இருக்கிறது? என் மாணவிகளே, நீங்கள் பாட்டு தேடியும் கிடைக்காமல்தான் பேசிப் பழகினீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு விதத்தில் நல்லதுதான்.

உறவுகளே, உங்களை விட்டுவிடுவேன் என்று நினைத்தீர்களா?

நம் குடும்பக் குழுவில் காலை ஐந்தரை மணிக்கு ஓர் அண்ணன் பாட்டுப் போடுவார், உடன்பிறந்தவன் துரோகம் செய்த பாட்டு. ஆறு மணிக்குத் தம்பி பதில் பாட்டுப் போடுவார், பணம் வந்தால் பாசம் போய்விடும் என்கிற பாட்டு. நடுவில் மற்றவர்கள் ரோஜாப் பூவோடு காலை வணக்கம். வருஷக்கணக்காக நடக்கும் பாட்டுப்போட்டி இது. இருவரும் நேரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தகராறு என்ன? பொதுக் கிணற்றில் யார் எந்தக் கிழமை மோட்டார் போடுவது என்பது. அவ்வளவுதான் ஐயா! கண்ணதாசன் ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதினார். பிறப்பு, இறப்பு, பாசம், பிரிவு, எல்லாவற்றுக்கும் எழுதினார். திங்கள், புதன், வெள்ளி மோட்டார் யாருக்கு என்பதற்கு அவர் எழுதவில்லை. அதை நீங்கள்தான் உரைநடையில் பேசித் தீர்க்க வேண்டும். வாருங்கள், என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம். காபி என் செலவு.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான். நீங்கள் பெற்றவளை மறந்த பிள்ளையைப் பற்றிய பாட்டைத் தினமும் வைக்கிறீர்கள். அவன் அங்கே இரவு ஷிப்ட் முடித்து வந்து பார்க்கிறான். குத்துகிறது. குத்தியதால் கூப்பிடத் தயங்குகிறான். கூப்பிடாததால் நீங்கள் இன்னொரு பாட்டு வைக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டியது என்ன? ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் பேரனை வீடியோவில் காட்ட வேண்டும். "ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் பிள்ளையைக் காட்டுப்பா" என்று சொல்லுங்கள். காட்டிவிடுவான். அவன் நன்றி கெட்டவன் இல்லை. அவனுக்குப் பாட்டுக்கு உரை எழுதத் தெரியவில்லை, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பிலேயே அவனுக்கு அது வராது, எனக்குத் தெரியும்.

இப்போது இந்த அலைபேசி வேறு சேர்ந்துகொண்டது. நேற்று நீங்கள் எதைக் கேட்டீர்களோ அதைக் கணக்கில் வைத்து, இன்றைக்கு அதே மாதிரி இன்னொன்றை எடுத்துக்கொடுக்கிறது. ஒரு சோகப் பாட்டுக் கேட்டால் வரிசையாக இருபது வரும். நீங்கள் எழுந்து போகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதற்குக் கவலை. முன்பு வானொலியில் நேயர் விருப்பத்துக்கு அஞ்சல் அட்டை எழுதிப் போடுவோம். நாம் கேட்ட பாட்டு எப்போது வரும் என்று தெரியாது. அழுகிற மனநிலையில் எழுதிப் போட்ட பாட்டு, சிரிக்கிற நாளில் வந்து சேரும். இலங்கை வானொலியில் அப்துல் ஹமீதின் பாட்டுக்குப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தால், ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு சோகத்திலிருந்து கேலிக்கும் கேலியிலிருந்து பக்திக்கும் தாவ வேண்டும். டீக்கடையில் பாடுவது தெருவுக்கே கேட்கும். துக்கத்தில் இருப்பவன் காதிலும் கொண்டாட்டப் பாட்டு விழும். அவன் எரிச்சல்படுவான், ஆனால் தனக்கு வெளியே ஓர் உலகம் நடந்துகொண்டிருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். காதுக்குள் செருகிக்கொண்ட பாட்டில் அந்த வசதி இல்லை.

"அப்படியானால் பாட்டால் யாரும் தேறியதே இல்லையா?" என்று கேட்பீர்கள். தேறியிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் கவிஞர் வாலி. சென்னையில் வாய்ப்புத் தேடித் தேடி அலுத்து, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று முடிவு செய்த நேரத்தில், பி.பி.ஸ்ரீநிவாஸ் அவருக்கு ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார். 1962-இல் வந்த 'சுமைதாங்கி' படத்துக்குக் கண்ணதாசன் எழுதியது. அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் மூட்டை கட்டுவதை நிறுத்தினேன் என்று வாலியே பலமுறை சொல்லியிருக்கிறார். பிறகு அந்தக் கண்ணதாசனுக்கே போட்டியாக நின்று எழுதினார்.

அந்தப் பாட்டு வாலியின் வாழ்க்கையைக் காட்டியதா? இல்லை. வாய்ப்புக் கிடைக்காத கவிஞனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. கலங்கி நிற்பவனை அது கேள்வி கேட்கிறது. உனக்கு மட்டுமா கஷ்டம், உன்னைவிடக் கீழே இருப்பவர்களைத் திரும்பிப் பார் என்கிறது. "ஆமாம்ப்பா, உன் நிலைமை பரிதாபம்தான்" என்று கூடச் சேர்ந்து அழுகிற பாட்டாக அது இருந்திருந்தால், வாலி ரயில் ஏறியிருப்பார். இன்னொன்று. அந்தப் பாட்டை அவருக்குச் செயலி எடுத்துக் கொடுக்கவில்லை. ஒரு நண்பர் எதிரில் உட்கார்ந்து பாடினார். கூற்று இருந்தது. சொன்னவர் யார், கேட்டவர் யார் என்பது இருந்தது.

பட்டுக்கோட்டையாரையும் நினைத்துப் பாருங்கள். 29 வயதில், 1959-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குள் பலவித வேலை பார்த்தவர், பட்டினி பார்த்தவர். அழுது எழுதக் காரணம் ஆயிரம் இருந்தது. அவருடைய பேர்போன பாட்டுகளை எடுங்கள். சின்னப் பையனுக்கோ உழைப்பாளிக்கோ எதிரே நின்று பேசுகிற மாதிரிதான் இருக்கும். பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் கடனோடும் ஒற்றர் கண்காணிப்போடும் இருந்தார். தன் கஷ்டத்துக்குப் பொருத்தமான பழைய பாட்டை எடுத்து முணுமுணுத்துக்கொண்டு படுத்திருக்கவில்லை. பாஞ்சாலி சபதம் எழுதினார்.

"அவர்கள் கவிஞர்கள், நாங்கள் என்ன எழுதுவோம்?" என்கிறீர்களா? உங்கள் பாட்டிமார் என்ன கவிஞர்களா? ஒப்பாரி கேட்டிருக்கிறீர்களே. மெட்டு ஊருக்குப் பொது. சொல் அவளவளுக்குச் சொந்தம். செத்துப்போனவர் பேர் வரும், அவர் வாங்கிய காளை வரும், விற்ற வயல் வரும், கேட்டும் பணம் தராத அண்ணன் அங்கேயே துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவரும் பாட்டில் வருவார். மூக்கைச் சிந்திக்கொண்டே கணக்கையும் தீர்த்துவிடுவாள். சுற்றி நாலு பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கேட்ட அண்ணன் பதினாறாம் நாளுக்குள் வந்து பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு இருந்த அந்த வாய், பட்டம் வாங்கிய நமக்கு எங்கே போயிற்று?

புறநானூற்றில் பாரி மகளிர் பாட்டு உங்களுக்குப் பாடமாக இருந்தது. ஐந்தே அடி. அப்பா போய்விட்டார், மலை போய்விட்டது, நாடு போய்விட்டது. அந்தப் பெண்கள் துக்கம் என்று ஒரு சொல் சொல்லவில்லை. போன மாத நிலாவில் என்ன இருந்தது, இந்த மாத நிலாவில் என்ன இல்லை என்று இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டாயிரம் வருஷமாக அது யாரையும் சும்மா விடவில்லை. தன் வாழ்க்கையைச் சொல்வது என்றால் அதுதான். முன்பு இது இருந்தது, இப்போது இல்லை. இதைச் சொல்ல இலக்கணம்கூட வேண்டாம்.

வாத்தியார் பதிவில் வீட்டுப்பாடம் இல்லாமல் இருக்குமா? மூன்று.

ஒன்று. பாட்டு வையுங்கள், தடையில்லை. ஆனால் அது உங்கள் கதை என்றால், அன்றைக்கே ஒரே ஒருவரிடம் அதை உங்கள் சொந்த வாக்கியத்தில் சொல்லுங்கள். எழுவாய், பயனிலை இருக்கட்டும். "எனக்கு வேலை போயிடுச்சு." "அம்மாவுக்கு டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு, பயமா இருக்கு." "அவ வேண்டாம்னு சொல்லிட்டா, தூக்கம் வரலை." தொகை இருந்தால் தொகையைச் சொல்லுங்கள். தேதி இருந்தால் தேதியைச் சொல்லுங்கள்.

இரண்டு. பார்க்கிறவர்களுக்கு. ஒரே ஆள் தொடர்ந்து மூன்று நாள் சோகப் பாட்டு வைத்தால், இதயம் போடாதீர்கள். கூப்பிடுங்கள். செய்தி அனுப்பாதீர்கள், குரலில் கூப்பிடுங்கள். என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டாம். "சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்தால் போதும், தமிழனுக்கு அதற்கு மேல் பேச்சு தானாக வரும். "சும்மாதான் வெச்சேன்" என்று சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இரண்டு நிமிஷம். சும்மா இல்லை என்றால், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று. உயிரை விட்டுவிடலாம் என்கிற எண்ணம் யாருக்காவது வந்துபோகிறது என்றால், அதற்குப் பாட்டே வேண்டாம். 104-க்கோ 14416-க்கோ கூப்பிடுங்கள். இரண்டும் அரசு நடத்துவது, தமிழில் பேசலாம். அல்லது எனக்குக் கூப்பிடுங்கள். என் எண் உங்களிடம் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணி என்றாலும் பரவாயில்லை. இந்த வயதில் எனக்குத் தூக்கம் எங்கே வருகிறது?

பின்னூட்டத்தில் பாட்டு போடுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது. எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பொதுவில் முடியாதென்றால் தனியாக எழுதுங்கள். பிழை இருந்தாலும் இந்த முறை சிவப்பு மை தொடமாட்டேன்.

உங்கள் தமிழய்யா